இன்று பறித்த மலர், நாளைய பூசைக்கு

பூசைக்கு உரிய மலர் அன்றலர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கின்றனர். வீட்டுக்கு வீடு கொல்லையில் நந்தியாவட்டையும் அரளியும் செம்பருத்தியும் நின்ற காலத்தில் அவ்விதியைக் கடைப்பிடிப்பது எளிதாக இருந்தது. நீராடிவிட்டு, பூக்குடலையை எடுத்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்தால் போதும். இன்று நம்மில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்திலோ நான்காம் தளத்திலோ வசிக்கிறோம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பூக்காரப் பெண்மணி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்தான் வருகிறார். அவர் வராத நாள்களில் முந்தைய நாள் வாங்கிய பூவையே சாத்த நேரிடுகிறது. சாத்தும்போது கை கூசுகிறது. பூசை முடிந்த பின்னரும் மனத்தில் ஓர் உறுத்தல் எஞ்சி நிற்கிறது.

அந்த உறுத்தல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதைச் சென்ற ஆண்டு மார்கழியில் கண்டேன். எங்கள் குடியிருப்பில் எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் தனியே வசிக்கிறார். விடியுமுன் எழுந்து, சுற்றுச்சுவர் ஓரமாக நிற்கும் அரளிச் செடியில் பூப்பறிக்க இறங்குவது அவர் வழக்கம். ஒருநாள் பனியில் நனைந்திருந்த படியில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். பார்க்கச் சென்றபோது, "முதல் நாள் மாலையே பறித்து வைத்துக்கொண்டிருக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன். "நேத்துப் பூவைச் சாமிக்குச் சாத்தலாமா தம்பி? மனசு ஒப்பலையே" என்றார்.

அவருடைய கேள்வி நியாயமானது. வயதில் மூத்த அன்பர்கள் பலர் இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இருட்டில் படி இறங்குகிறார்கள்; அல்லது பூவின்றிப் பூசை செய்துவிட்டு வருந்துகிறார்கள். ஆகவே இவ்வாரம் இதையே பேசுவோம். முந்தைய நாளில் பறித்த பூ பழம்பூ ஆகுமா? ஆகாதெனில், அதை எவ்வாறு காத்து வைப்பது?

எது பழம்பூ?

முதலில் வில்வத்தை எடுத்துக்கொள்வோம். சதுர்த்தி, அஷ்டமி, நவமி, அமாவாசை, மாதப்பிறப்பு, திங்கட்கிழமை ஆகிய நாள்களில் வில்வம் பறிக்கலாகாது என்பது பெரியோர் வழக்கு. ஆனால் அந்நாள்களில் சிவபெருமானுக்கு வில்வம் சாத்தாமல் இருப்பதில்லை. திங்கட்கிழமையன்றுதான் சோமவார வழிபாடே நடைபெறுகிறது. அப்படியானால் அந்த வில்வம் எங்கிருந்து வந்தது? முந்தைய நாளே பறித்து வைத்தது. துவாதசியன்று துளசி பறிப்பதில்லை. முன்னரே பறித்த துளசிதான் பெருமாள் திருவடியைச் சேர்கிறது. பறித்து வைத்துக்கொள்வதை நம் மரபு தடுக்கவில்லை; சில நாள்களில் அப்படித்தான் செய்யவேண்டும் என்றும் விதிக்கிறது.

வில்வமும் துளசியும் இலைகள்தாமே, அவற்றுக்குத் தனிச்சலுகை உண்டு என்று சிலர் கூறக்கூடும். மல்லிகையைப் பார்ப்போம். மல்லிகை இரவில் மலர்வது. தோட்டக்காரர்கள் விடியற்காலையில் முற்றிய மொட்டுகளாகவே அதைப் பறிக்கிறார்கள். அந்த மொட்டு அன்று அந்தியில் கட்டவிழ்கிறது. காலைப் பூசையில் நாம் சாத்தும் விரிந்த மல்லிகை முந்தைய நாள் காலையில் செடியை விட்டு வந்ததே. இதுவரை அதைப் பழம்பூ என்று ஒருவரும் தள்ளியதில்லை.

இன்னும் பெரிய சான்று திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. திருமலையில் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக் கருட சேவையன்று வேங்கடமுடையான் அணிவதற்காக ஆண்டாள் நாச்சியார் சூடிக்களைந்த மாலை அங்கிருந்து செல்கிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் எழுந்தருளும் கள்ளழகருக்கும் அவ்வாறே மாலை செல்கிறது. பல நூறு கிலோமீட்டர் கடந்து திருமலை சேரும் மாலை அன்று காலையில் பறித்த பூவால் ஆனதாக இருக்க இயலாது. துளசி, செவ்வந்தி, சம்பங்கி முதலிய தாங்கும் பூக்களைத் தேர்ந்து, முறையாகத் தொடுத்து, கூடையில் பக்குவமாக வைத்து எடுத்துச் செல்கிறார்கள்.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பூவின் புதுமையைக் கடிகாரத்தைக் கொண்டு அளக்கவேண்டா. பூவின் நிலையைக் கொண்டு அளக்கவேண்டும். வாடியது, இதழ் கருகியது, அழுகியது, புழு அரித்தது, முகர்ந்தது, தரையில் மிதிபட்டது, ஒருமுறை சாத்திக் களைந்தது ஆகியவையே விலக்கத்தக்கவை. நேற்றுப் பறித்த மொட்டு இன்று காலை நம் வீட்டில் கட்டவிழ்ந்து மணம் பரப்புமானால் அது இன்றைய மலரே. அந்த நிலையில் அதைக் காத்துக் கொடுப்பதுதான் நம் கடமை.

பூ ஏன் வாடுகிறது?

செடியிலிருந்து பறித்த பின்னும் பூ உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. இதழ்களின் வழியே நீரை இழக்கிறது. செடியில் இருந்தவரை வேரிலிருந்து வரவு இருந்தது. இப்போது வரவு நின்றுவிட்டது. செலவு மட்டும் நடக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு இது நன்றாகப் புரிகிறது. இருப்பு தீரும் நாள்தான் பூ வாடும் நாள். இருப்பைக் கூட்ட நம்மால் இயலாது. செலவைக் குறைக்க இயலும்.

செலவைக் கூட்டுபவை நான்கு. முதலாவது வெப்பம். வெப்பம் ஏற ஏறப் பூவின் மூச்சு வேகமாகிறது. பூக்களைக் குவித்து வைத்தால் அவற்றின் மூச்சினாலேயே குவியலின் நடுவில் சூடு பிறக்கிறது. பூக்கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது காற்று. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்த பூ, மூலையில் வைத்த பூவைவிட விரைவில் துவண்டுவிடும்.

மூன்றாவது மிகுந்த ஈரம். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. மல்லிகை, முல்லை போன்ற மெல்லிய வெள்ளைப் பூக்களின் இதழில் நீர் தங்கினால் அவ்விடம் கண்ணாடிபோல் ஆகிப் பின்னர்ப் பழுப்பேறும். ஈரம் பூவைச் சுற்றியுள்ள துணியில் இருக்கலாம். பூவின்மேல் திவலையாக நிற்கலாகாது.

நான்காவது, நம்மில் பலர் கவனியாதது. பழுக்கும் கனிகளிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. காயைக் கனியாக்கும் அதே வாயு பூவை விரைவில் முதுமை அடையச் செய்கிறது. பூசைக்கென்று கடைக்குச் சென்று வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பூ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையை அப்படியே ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம். பழமும் பூவும் ஒரே பையில் அடைந்து கிடந்தால் மறுநாள் இதழ்கள் உதிர்வதில் வியப்பில்லை. வாழை, மா, ஆப்பிள் ஆகியவற்றின் அருகே பூவை வைக்கவேண்டா. ஊதுவத்திப் புகையிலும் இவ்வாயு சிறிதளவு உண்டு. ஆகவே மறுநாளுக்கு உரிய பூவைப் பூசையறையிலேயே வைத்துவிடாமல் வேறிடத்தில் வைப்பது நலம்.

வாங்கும்போதே கவனிக்கவேண்டியவை

பூவின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரும்புவது அரும்பு, மலரும் தறுவாயில் இருப்பது போது, மலர்ந்தது மலர், நன்கு விரிந்தது அலர், உதிர்வது வீ, வாடியது செம்மல். நாளைய பூசைக்கு வாங்குகிறவர் தேடவேண்டியது போது. அலரை வாங்கினால் அடுத்த நிலை வீ. அதைக் காக்க ஒருவராலும் இயலாது. அதற்காகப் பச்சை மாறாத சிற்றரும்பையும் வாங்கலாகாது. அது மலராமலே சுருங்கிவிடும். மல்லிகையாயின் மொட்டு வெண்மையாகவும் பருத்தும் இருக்கவேண்டும். விரலால் மெல்லத் தொட்டால் தளர்ந்திராமல் நிற்கவேண்டும்.

கரூரில் ஆனிலைப் பெருமானுக்குத் தொண்டு செய்த சிவகாமியாண்டாரை இங்கே நினைவுகூரலாம். முதுமை எய்தியவர். விடியுமுன் நீராடி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, நந்தவனம் சென்று, மணமுள்ள முகைகள் அலரும் வேளையில் அவற்றைத் தேர்ந்து பறித்துப் பூக்கூடையில் நிறைத்துக்கொண்டு நடந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பட்டத்து யானை அந்தக் கூடையைப் பறித்துச் சிதறியபோது, துரத்திச் செல்ல இயலாமல் அம்முதியவர் தரையில் விழுந்து அழுதார். எறிபத்த நாயனார் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அவர் தேர்ந்து பறித்தது முகையை என்பதைக் கவனியுங்கள். நந்தவனத்திலிருந்து சந்நிதி வரை நடக்கும் நேரத்தையும் அவர் கணக்கில் கொண்டிருக்கவேண்டும். வாயைக் கட்டியதிலும் பொருள் இருக்கிறது: மூச்சும் எச்சிலும் பூவின்மேல் படலாகாது. பூவை எடுத்து வைக்கும்போது நாமும் பேசாமல் இருப்பது நன்று.

தொடுத்த சரத்தைக் காட்டிலும் உதிரிப்பூ நெடுநேரம் தாங்கும். சரத்தில் பூக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால் காம்பு நசுங்கும், சூடும் ஏறும். விரல்கள் இடங்கொடுக்கும் அன்பர்கள் உதிரியாக வாங்கி வைத்துக்கொண்டு, அன்றன்று வேண்டிய அளவு தொடுத்துக்கொள்ளலாம். நூலைவிட நனைத்த வாழைநார் நல்லது. அது காம்பை அறுப்பதில்லை, ஈரத்தையும் சிறிது காக்கும். விரல் வலியுள்ளவர்கள் தொடுக்காமல் உதிரியாகவே திருவடியில் இட்டு அருச்சிக்கலாம். அதில் குறையொன்றும் இல்லை.

காத்து வைக்கும் முறை

வீட்டுக்கு வந்ததும் முதற்பணி, பூவைப் பாலித்தீன் பையிலிருந்து வெளியே எடுப்பது. ஒரு முறத்திலோ தாம்பாளத்திலோ தூய துணியை விரித்து அதன்மேல் பரப்புங்கள். நசுங்கியதையும் பழுத்ததையும் நீக்குங்கள். ஓர் அழுகிய பூ மற்றவற்றையும் கெடுத்துவிடும். கால் மணி நேரம் நிழலில் இருக்கட்டும். மேலே நிற்கும் நீர் உலர்ந்து, பூவின் சூடும் தணியும்.

பிறகு வெள்ளை மல் துணி ஒன்றை நனைத்து, ஒரு துளியும் சொட்டாதபடி நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். அதில் பூவைத் தளர்வாக மூடுங்கள். துணியைச் சுற்றி வாழையிலைத் துண்டு ஒன்றைப் பொதிந்தால் இன்னும் சிறப்பு. இலை ஈரத்தையும் காக்கும், பூவை நசுங்கவும் விடாது. பூக்கடைகளில் இன்றும் வாழையிலையில் பொதிந்து கொடுப்பது இதனால்தான். இப்பொதியை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். மேலே பனி உறையும் பகுதியிலோ பின்சுவரை ஒட்டியோ வைக்கலாகாது. அங்கே இதழ் உறைந்து, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும்.

சமைத்த பண்டங்களும் மீந்தவையும் இருக்கும் பெட்டியில் சாமிப் பூவை வைப்பதா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அதற்காகத்தான் மூடியுள்ள டப்பாவைக் குறிப்பிட்டேன். பூவுக்கென்று ஒரு டப்பாவை ஒதுக்குங்கள். அதை வேறெதற்கும் பயன்படுத்தவேண்டா. உணவின் வாடை பூவில் ஏறாது. கனிகளின் வாயுவும் பெருமளவு அணுகாது.

குளிர்சாதனப் பெட்டியே ஆகாது என்னும் ஆசாரமுடையவர்களுக்கும் வழி இருக்கிறது. அகன்ற மண்தொட்டியில் மணலைப் பரப்பி நனைத்து, அதன் நடுவே சிறிய மண்பானை ஒன்றைப் பதித்து, பானைக்குள் பூப்பொதியை வைத்து, ஈரத்துணியால் வாயை மூடுங்கள். மணலிலிருந்து நீர் ஆவியாகும்போது பானையின் உட்புறம் குளிர்கிறது. காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும். மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் இது நன்கு பயன்படும். கடலோரத்தில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். ஓரிரவைத் தாண்டிப் பயன் எதிர்பார்க்க இயலாது.

பூவுக்குப் பூ முதிர்வு நாள்

வைப்புத்தொகைக்கு முதிர்வு நாள் இருப்பதுபோல ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கால எல்லை உண்டு. அதை அறிந்து வாங்கினால் வீணாவதும் இல்லை, வருந்துவதும் இல்லை.

நெடுநாள் தாங்குவது செவ்வந்தி. நெருக்காமல் பரப்பி, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் மூன்று நான்கு நாள் நிறம் குன்றாது. குளிர்பெட்டியில் அதனினும் மிகுதியாக நிற்கும். சம்பங்கி உதிரிப்பூ இரண்டு மூன்று நாள் தாங்கும். அரளி மொட்டுகள் ஈரத்துணியில் இரண்டு நாள் நிற்கும். மல்லிகை, முல்லை, பிச்சி மொட்டுகளைக் குளிரில் வைத்தால் மலர்வதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். பூசைக்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும். இரண்டாம் நாளைத் தாண்டி அவற்றை எதிர்பார்க்கவேண்டா.

நந்தியாவட்டை மலர்ந்தபின் மாலைக்குள் துவண்டுவிடும். ஆனால் மறுநாள் மலரவிருக்கும் மொட்டைக் கதிரவன் மறையுமுன் பறித்து ஈரத்துணியில் வைத்தால் காலையில் மலர்ந்துவிடும். செம்பருத்தியும் அவ்வாறே, முந்தைய மாலையில் பறித்த பருத்த மொட்டு தட்டில் கிடந்தபடியே காலையில் விரியும். அந்த அம்மையாருக்கு நான் சொன்னதும் இதுதான். மாலை வெளிச்சம் இருக்கும்போதே, காவலாளியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ துணைக்கு அழைத்துக்கொண்டு மொட்டாகப் பறித்துவிட்டால், விடியலில் படி இறங்கவேண்டிய தேவையே இல்லை.

பன்னீர் ரோஜா மணத்தில் சிறந்தது. ஆனால் ஒரே நாளில் இதழ் உதிர்த்துவிடும். வாங்கிய அன்றே பயன்படுத்துங்கள். காம்புள்ள ரோஜாவைச் செம்பில் வைப்பதாயின், காம்பின் நுனியை நீருக்குள் அமிழ்த்தியபடியே கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் காம்பின் நுண்குழாயில் காற்று புகுந்து நீர் ஏறுவதைத் தடுக்கும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகிக் கிருமிகளைப் பெருக்கும். நீரை நாள்தோறும் மாற்றுங்கள். செம்புப் பாத்திரத்தில் கிருமி பெருகுவது குறைவு. நம் முன்னோர் பூசைக்குச் செம்பைத் தேர்ந்தது இவ்வகையிலும் உதவுகிறது.

தாமரையை மொட்டாகவே வாங்கிக் காம்பை நீரில் நிறுத்தி வையுங்கள். பூசை நேரத்தில் வெளியிதழ்களைக் கையால் மென்மையாக மடித்துவிட்டால் மலர்ந்த தோற்றம் வந்துவிடும். முன்கூட்டியே மடித்தால் மடிந்த இடம் கறுக்கும்.

வில்வத்தை உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் பசுமை மாறாது. துளசிக்கு மட்டும் குளிர் ஆகாது. குளிர்பெட்டியில் வைத்தால் இலை கறுத்துவிடும். கொத்தாக ஒரு தம்ளர் நீரில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வெளியிலேயே வையுங்கள். அறுகம்புல்லையும் மரிக்கொழுந்தையும் அவ்வாறே நீரில் நிறுத்தலாம்.

பவழமல்லியைக் காத்து வைக்க வழியில்லை. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது அது. உதிர்ந்ததை எடுத்துச் சாத்தலாம் என்ற விலக்கும் அதற்கு உண்டு. மரத்தடியில் முதல் நாள் இரவே தூய துணியை விரித்து வைத்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் திருவிழாக் காலத்தில் ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆயுத பூசைக்கு முந்தைய நாள் பூவிலை எவ்வாறு ஏறும் என்பது யாவருக்கும் தெரியும். செவ்வந்தியை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு, மல்லிகையை மட்டும் சிறிதளவு அன்று வாங்கினால் போதும்.

கவனம் தேவைப்படும் இரண்டு

அரளி இறைவனுக்கு உகந்தது. ஆனால் அதன் பூ, இலை, தண்டு, பால் அனைத்தும் நஞ்சு. குளிர்பெட்டியில் அரளி வைக்கும் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்வை மங்கியவர்கள் அதை உணவு டப்பாவோடு மாற்றி எடுத்துவிட வாய்ப்புண்டு. அரளிக் காம்பு நின்ற நீரைத் தீர்த்த நீரோடு கலந்துவிடாதீர்கள், செடிக்கு ஊற்றிவிடுங்கள். தொட்டபின் கைகளை நன்கு கழுவுங்கள். விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்திருக்கும்போதும், களைந்த அரளியைப் போடும் இடத்தில் மாடு மேயும்போதும் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது அழகுதான். ஆனால் தேங்கிய நல்ல நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. நாள்தோறும் நீரைக் கொட்டி, உருளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புங்கள். அவ்வாறு செய்தால் பூவும் கூடுதலாக ஒருநாள் தாங்கும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் பூ அமையாமல் போகலாம். மழை பெய்யும், பூக்காரப் பெண்மணிக்கு உடல்நலம் குன்றும், நமக்கே எழ இயலாமல் இருக்கும். அப்போது வருந்தவேண்டா. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தனக்கு அன்போடு அளிக்கத்தக்கவற்றை வரிசைப்படுத்துகிறான். முதலில் இலை, அடுத்துப் பூ, பின்னர்க் கனி, முடிவாக நீர். தம்ளரில் நிற்கும் துளசியில் ஓர் இலை, டப்பாவில் உள்ள வில்வத்தில் ஒரு தளம், அதுவும் இல்லையேல் ஓர் உத்தரணி நீர். வீட்டில் இருப்பதைக் கொண்டே அன்றைய பூசை நிறைவுபெறும்.

அந்த அம்மையார் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மாலை ஐந்து மணிக்குக் காவலாளியின் சிறுமகள் செம்பருத்தி மொட்டுகளைப் பறித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவர் அவற்றை ஈரத்துணியில் பொதிந்து வைக்கிறார். காலையில் பூசைக்கு உட்காரும்போது அவை மலர்ந்திருக்கின்றன.

அடுத்த வாரம், பூசைவிளக்கின் திரியையும் எண்ணெயையும் பற்றிக் காண்போம்.